தங்க ரோஜாவும் ஏழிலைக் காம்பும்

சின்னண்ணன் தன்னுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாளைச் சுத்தமாக மறந்துபோனார். அதற்கு ஈடு செய்யவோ என்னவோ, இருபத்தாறாவதுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே ஒட்டுப்பலகை வாங்கச் சேலம் போனவர், திரும்பும்போது நீளமான பெட்டி ஒன்றையும் வாங்கி வந்து தன் லாரி பட்டறை பீரோவில் பூட்டி வைத்திருந்தார். ஐப்பசிக் கடைசியில் அந்த நாள் வந்ததும், காலையில் காபி குடிக்க உட்கார்ந்தபோது பெட்டியை மனைவி பக்கமாக நகர்த்தினார்.

வசந்தாமணி திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு ரோஜா. தண்டு, முள், இலை, பாதி விரிந்த பூ எல்லாம் தங்க நிறம். கூடவே ஓர் அட்டை: 'உண்மையான ரோஜா. இருபத்து நான்கு காரட் தங்கத்தில் முக்கியது.'

"நல்லா இருக்குதுங்க," என்றாள். முகத்திலும் அது தெரிந்தது. சின்னண்ணன் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஆனால் அவர் காபியை முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"ஏனுங்க, இதுக்குள்ள நெசமாவே பூ இருக்குதுங்களா?"

"இருக்குதுன்னுதான் கடைக்காரன் சொன்னான்."

"தங்கத்துல எப்படி முக்கியிருப்பாங்க?"

"எப்படின்னா? உருக்கி, அதுக்குள்ள முக்கி எடுத்திருப்பாங்க."

"தங்கம் உருகறதுக்கு ஆயிரம் டிகிரிக்கு மேல வேணுமுங்க. பூவு சாம்பலாயிருமே."

சின்னண்ணன் மீதிக் காபியை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பதை விட்டால் இத்தனை வருஷத்தில் அவராக யோசித்து வாங்கிய பொருள் இது ஒன்றுதான். காலி டம்ளரை வைத்துவிட்டு, பட்டறைக்கு நேரமாகிறது என்று எழுந்து போனார்.

வசந்தாமணிக்கு அப்புறம்தான் உறைத்தது, கேட்ட நேரம் சரியில்லை என்று. ஆனால் கேள்வி தப்பாக அவளுக்குப் படவில்லை. நாமக்கல்லில் கோழித்தீவனம் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் அவளுக்குப் பத்தொன்பது வருஷ வேலை. மூட்டையின்மேல் எழுதியிருப்பது வேறு, மூட்டைக்குள் இருப்பது வேறு என்பதைத் தினமும் பார்க்கிறவள். தவிட்டில் மண் இருக்கும். கருவாட்டுத் தூளில் யூரியா இருக்கும். சாக்கைப் பிரித்து, ஒரு கை அள்ளி, பூதக்கண்ணாடியின் கீழே பரப்பிப் பார்க்கும் வரை எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ரோஜா விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தியை வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர அவளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பெட்டியைத் துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போனாள். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, கூட வேலை பார்க்கும் கனிஷ்கா மட்டும் பக்கத்தில் இருக்க, ரோஜாவை மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து விளக்கைப் போட்டாள்.

இதழ்கள் முதலில் வந்தன. மேலே வழவழப்பாகத் தெரிந்த இதழில், பெரிதாக்கிப் பார்த்தபோது மெல்லிய நரம்புகள் ஓடின. வெளி இதழ் ஒன்றின் ஓரம் சுருண்டு, ஊசி முனையால் கீறியது போல் கோடுகள் இருந்தன. அந்தக் கோடுகள் அவளுக்குப் பழக்கம். அவள் வீட்டு முன்னால், பாதியாக அறுத்த நீல டிரம்மில் ஒரு சிவப்பு ரோஜாச் செடி நிற்கிறது. வெயில் காலத்தில் பேன் பூச்சி சாறு உறிஞ்சினால் அதன் மொட்டில் இதே கோடுகள்தான் விழும்.

பிறகு இலைக்கு வந்தாள். முதல் இலையின் ஓரத்தில் அரைவட்டமாக, கத்தரியால் வெட்டியது போல ஒரு துண்டு காணவில்லை.

"உடைஞ்சு போச்சுங்களாக்கா?" என்றாள் கனிஷ்கா.

"இல்ல கண்ணு. இது தேனீ வெட்டுனது. கூடு கட்டறதுக்கு ரோசா எலையை இப்படி வட்டமா வெட்டி எடுத்துட்டுப் போகற தேனீ ஒண்ணு இருக்குது."

"அப்பச் செடியில இருந்தப்பவே வெட்டியிருக்குது. நெசமான எலைதான்."

"அப்படிச் சொல்லீர முடியாது. தேனீ வெட்டுன எலை ஒண்ணை வெச்சு அச்சு எடுத்து, அதே அச்சுல நூறு பூ ஊத்தியிருக்கலாமில்ல?"

கனிஷ்கா போனை எடுத்து, அந்தக் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டிருந்த மற்ற தங்க ரோஜாக்களின் படங்களைத் தேடினாள். பதினோரு பூக்கள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஒன்றில் தண்டு வளைந்திருந்தது, ஒன்றில் முள்ளே இல்லை, ஒன்றில் இலை கிழிந்திருந்தது. எதிலும் அரைவட்ட வெட்டு இல்லை. ஒரு பூ மாதிரி இன்னொரு பூ இல்லை. அச்சில்லை என்று வசந்தாமணிக்கு முக்கால்வாசி நம்பிக்கை வந்துவிட்டது. மைக்ராஸ்கோப்பை அணைக்கப் போனவள், மூன்றாவது இலையைப் பார்க்கவில்லையே என்று மறுபடி குனிந்தாள்.

ரோஜாவுக்கு ஒரு காம்பில் வரிசையாக ஐந்து சின்ன இலைகள் சேர்ந்தால்தான் ஒரு முழு இலை. முதல் இரண்டு காம்பிலும் ஐந்து ஐந்தாகத்தான் இருந்தன. காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் சின்னச் சிறகு மாதிரி ஒரு செதில் இருக்கும்; அதுவும் இருந்தது. மூன்றாவது காம்பில் ஏழு இலைகள். சிறகும் இல்லை. சிறகு இருக்க வேண்டிய இடத்தில் கடுகளவு ஈயப்பொட்டு.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "பூவு நெசந்தான் கண்ணு. இந்த எலை மட்டும் இந்தச் செடியோடது இல்ல."

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வரும்போது சின்னண்ணன் முன்னமே வந்திருந்தார். கூடத்துக் கண்ணாடி அலமாரியில் ரோஜா இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் பையிலிருந்து துண்டைப் பிரித்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"குடுத்ததை வாங்கி வெச்சுக்க முடியலீல்ல உனக்கு," என்றார். குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு என்னையும் தூக்கிட்டுப் போய் அந்தக் கண்ணாடிக்கு அடியில வெப்ப."

"நீங்க சொன்னதைச் சந்தேகப்படலீங்க. கடைக்காரன் எழுதியிருக்கறதைத்தான் பாத்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அன்றைக்கு ராத்திரி அவர் தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். பெங்களூரிலிருந்து மகள் சௌந்தர்யா கூப்பிட்டபோது வசந்தாமணி மூன்றாவது இலை வரை விஷயத்தை மெதுவாகச் சொன்னாள். "அப்பா குடுத்த கிஃப்ட்டை லேபுக்கு எடுத்துட்டுப் போனியாம்மா?" என்று அவள் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே கேட்டது. சின்னண்ணன் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

ஆனால் மறுநாள் காலையில் அவரே கேட்டார். "அந்த எலையில என்னமோன்னியே, என்னது?"

அவள் ரோஜாவை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து எண்ணிக் காட்டினாள். ஐந்து, ஐந்து, ஏழு. ஈயப்பொட்டையும் காட்டினாள். அதைப் பார்த்தவுடன் அவருக்குள் இருந்த பட்டறைக்காரர் முழித்துக்கொண்டார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "பத்த வெச்சிருக்கறான். சுத்தமாத்தான் வெச்சிருக்கறான், ஆனா பத்த வெச்சிருக்கறான்," என்றார். அப்புறம் கோபம் அவளிடமிருந்து நகர்ந்து கடைக்காரரிடம் போனது. போனில் கடைக்காரர் எதுவும் தெரியாதென்று சாதித்து, கடைசியில் செய்கிறவருடைய எண்ணையே கொடுத்துவிட்டார். சேலம் சிவதாபுரத்தில் கொலுசுக்கு முலாம் போடுகிற குமாரசாமி என்பவர்.

ஞாயிற்றுக்கிழமை காரில் கிளம்பினார்கள். ராசிபுரம் தாண்டியது. சின்னண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நம்மூட்டுச் செடியில பூத்தா நீ பறிச்சுக் கண்ணாடி டம்ளர்ல வெப்பீல்ல. அது வாடறப்ப, போறப்ப வாறப்பெல்லாம் நின்னு அதையே பாத்துட்டிருப்ப. மனசுக்குக் கஷ்டமா இருக்குதாட்டம்னு நெனைச்சேன். அதனாலதான் வாடாத பூவா வாங்கியாந்தேன்."

வசந்தாமணி அவர் பக்கம் திரும்பினாள். இப்படி ஒன்றை அவர் கவனித்திருப்பார் என்று அவள் நினைத்ததே இல்லை. உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு கிலோமீட்டர் யோசித்தாள்.

"கஷ்டமெல்லாம் இல்லீங்க. செவப்பு இதழ் வாடறப்ப கறுக்காது, முதல்ல ஊதாவாகும். ஓரத்துல இருந்து ஆரம்பிக்குதா நடுவுல இருந்தான்னு பாத்துட்டிருப்பேன்."

சின்னண்ணன் முன்னால் போன லாரி ஒன்றைத் தாண்டினார். "எங்கிருந்து ஆரம்பிக்குது?" என்றார்.

"ஓரத்துல இருந்துங்க."

"ம்," என்றார். மல்லூர் வரும்போது அவர் தனக்குள் சிரித்துக்கொண்டிருப்பதை அவள் கவனித்தாள்.

குமாரசாமிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கை விரல்கள் பச்சையும் கறுப்புமாகக் கறை ஏறியிருந்தன. பெட்டியைத் திறந்து பார்த்ததும், புகார் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, அவர்கள் கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டார்.

"மூணாவது எலை நான் வெச்சதுதாங்கம்மா. தொட்டியில இருந்து எடுக்கறப்ப காம்போட முறிஞ்சு போச்சு. வேற ஒரு எலையைத் தனியா முலாம் போட்டு ஒட்டுனேன். இத்தனை பேர் வாங்குனாங்க, யாரும் எண்ணிப் பாத்ததில்லை."

"நான் சண்டைக்கு வல்லீங்ணா," என்றாள் வசந்தாமணி. "எப்படிப் பண்றீங்கன்னு பாக்கோணும். அதுக்குத்தான் வந்தேன்."

குமாரசாமி சின்னண்ணனைப் பார்த்தார். அவர், ஆமாம் அவ்வளவுதான் என்பது போல் தலையாட்டினார்.

குமாரசாமி அவர்களைப் பட்டறைக்குள் கூட்டிப்போனார். தங்கத்தை உருக்குகிற வேலையே அங்கே இல்லை. பூவை முதலில் மெல்லிய வார்னிஷில் நனைத்துக் காயவைக்கிறார். இதழில் மின்சாரம் ஓடாது என்பதால், வெள்ளித் தூள் கலந்த பெயிண்டை அதன்மேல் பனி மாதிரி அடிக்கிறார். பிறகு தாமிரக் கம்பியில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டுக் கொஞ்சமாக மின்சாரம் விட்டால், தண்ணீரில் இருக்கும் செம்பு ஒரு நாள் முழுக்கத் துளித்துளியாக வந்து பூவின்மேல் படிகிறது. அதற்குமேல் நிக்கல். கடைசியில் சில நிமிஷம் தங்கம்.

தொட்டியில் இருந்த தண்ணீர் அப்படி ஒரு நீலம். வசந்தாமணி எட்டிப் பார்த்துவிட்டு, "மயில்துத்தமுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்கம்மா. செம்பு அதுல இருந்துதான் வருது. கொஞ்சம் அமிலமும் இருக்குது. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கோழித்தீவனத்துல பூஞ்சை புடிக்காம இருக்கறதுக்குச் சேப்பாங்க. என்ற ரோசாச் செடியில குச்சி காஞ்சா வெட்டி உட்டுட்டு அந்த எடத்துல இதைத்தான் சுண்ணாம்போட கலந்து தடவுவேன்."

செடிக்குத் தடவுகிற அதே மருந்துக்குள் பூ செம்பாகிறது என்பதை அவளால் சீக்கிரம் விட முடியவில்லை. அது எத்தனை கனம் ஏறும், சூடு வருமா, உள்ளே இருக்கிற பூ என்ன ஆகும் என்று வரிசையாகக் கேட்டாள். முதல் இரண்டுக்கும் குமாரசாமியிடம் பதில் இருந்தது. மூன்றாவதுக்கு இல்லை.

"வெட்டிப் பாத்ததில்லீங்கம்மா. பண்ணுனதை யாரு வெட்டுவாங்க."

மூலையில் தகரக் கதவு போட்ட அறை ஒன்று இருந்தது. "அதுலதான் தங்கத்தொட்டியும் வெள்ளித்தொட்டியும். அந்தப் பக்கம் மட்டும் வராதீங்க. அதுல இருக்கறது விஷம்," என்று கதவைச் சாத்தினார். சின்னண்ணன் அதற்குள் பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கியைக் கையில் எடுத்து மூக்கைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோதுதான் வசந்தாமணி ஒரு ரோஜாச் செடியைப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பெரிய சிமென்ட் தொட்டியில், ஆள் உயரத்துக்குப் புதர் மாதிரி வளர்ந்திருந்தது. கிட்டப் போய் ஒரு காம்பைப் பிடித்து எண்ணினாள். ஏழு.

"ஒட்டுன எலை இதுல பறிச்சதுங்களா?"

"ஆமா. பூக்கடை ரோசாக்கட்டுல நல்ல எலை இருக்காது. இது எங்கூட்டுக்காரி ஆறு வருஷத்துக்கு முந்தி ஏற்காட்டுல வாங்குனது. மொத வருஷம் இத்தாம் பெரிய மஞ்சப் பூ பூத்துச்சு. அப்பறம் பூக்கவே இல்லை. முட்டை ஓடு, டீத்தூள், புண்ணாக்கு, எல்லாம் போட்டாச்சு. எலை மட்டும் தளதளன்னு வருது."

வசந்தாமணி மண்டியிட்டு, அடித்தண்டைச் சுற்றியிருந்த சருகை ஒதுக்கினாள். மண்ணுக்கு ஒரு விரல்கடை மேலே, தண்டில் ஒரு முடிச்சு. அதற்குமேல் சுண்டுவிரல் நீளத்துக்குக் காய்ந்து கறுத்த குச்சி. புதர் முழுவதும் முடிச்சுக்குக் கீழேயிருந்து கிளம்பியிருந்தது.

"அண்ணா, நீங்க வாங்குன ரோசா செத்துப் போச்சுங்க. அஞ்சு வருஷமாச்சு."

குமாரசாமிக்குப் புரியவில்லை. வளர்ந்து நிற்கும் செடியையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நல்ல ரோசாவை அதோட வேர்ல வளக்க மாட்டாங்க. காட்டு ரோசா ஒண்ணை வேருக்கு வெச்சு, அதுமேல ஒட்டுக் கட்டித்தான் விப்பாங்க. இந்தக் கறுத்த குச்சிதான் உங்க மஞ்ச ரோசா. அது காஞ்சதும் கீழ இருந்த காட்டுச்செடி தானா வளந்துருச்சு. நீங்க இத்தன வருஷமா ஊத்துன தண்ணியெல்லாம் இதுக்குத்தான். எங்கூட்டுச் செடியிலயும் இப்படி ஏழு எலைக் குச்சி வரும். நான் அப்பப்ப ஒடிச்சு எறிஞ்சிருவேன். அதனாலதான் மைக்ராஸ்கோப்புல பாத்தவுடனே தெரிஞ்சுது."

குமாரசாமி அந்தக் கறுத்த குச்சியைத் தொட்டுப் பார்த்தார். "எங்கூட்டுக்காரிகிட்ட இதைச் சொல்ல முடியாதுங்கம்மா," என்றார். "இதும்மேல அவ்வளவு ஆசை அவளுக்கு."

"வேரு நல்லா இருக்குதுங்ணா. இதுமேலயே வேற ஒட்டுக் கட்டலாம். நான் கட்டுனதில்லை. கட்டறதைப் பாத்திருக்கறேன்."

அந்த இடத்திலேயே ஒப்பந்தம் முடிந்தது. அவள் தன் வீட்டுச் சிவப்பு ரோஜாவின் தண்டில் துளிர் கிளம்பும் மொட்டுக்கண்ணைப் பட்டையோடு சீவிக் கொண்டுவந்து அவர் செடியில் கட்ட வேண்டும். அவள் கொண்டுவரும் பூவை அவர் தொட்டியில் போட வேண்டும். எத்தனை பூ கெட்டாலும் அவர் கணக்குப் பார்க்கக் கூடாது; எத்தனை கண் காய்ந்தாலும் அவள் சலித்துக்கொள்ளக் கூடாது.

முதல் பூவை அடுத்த ஞாயிறு கொண்டு போனாள். நன்றாக மலர்ந்த பூ, விடியற்காலையில் பறித்தது. வார்னிஷின் கனம் தாங்காமல் ஒரு மணி நேரத்தில் இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, நனைந்த துணி மாதிரி தொங்கிவிட்டன. பனி ஈரம் இதழுக்குள் இருந்ததால் வார்னிஷும் ஒட்டாமல் பாலாகத் திரிந்திருந்தது. இரண்டாவதைப் பனி காய்ந்த பிறகு, வெளி இதழ் இரண்டு மட்டும் பிரிந்த நிலையில் பறித்தாள். அது வார்னிஷைத் தாங்கியது. தொட்டியில் விட்டால் மூழ்க மறுத்தது. உள்ளே காற்று. கம்பியால் அழுத்தி மூழ்கவைத்ததில் வெளிப்பக்கம் அழகாகச் செம்பு ஏறி, உள்ளே காற்று நின்ற இடமெல்லாம் வெறும் பெயிண்டாகவே இருந்துவிட்டது. அடுத்த முறை அவர்கள் போனபோது குமாரசாமி அதை எடுத்துப் பிடித்ததும் ஒரு பக்கம் இற்று விழுந்தது.

"இதை வெட்டலாமுங்களா?" என்றாள் வசந்தாமணி உடனே.

குமாரசாமி கொலுசு வெட்டும் கத்தரியை எடுத்துக் கொடுத்தார். மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். அவள் ஓர் இதழைக் குறுக்காக வெட்டி, கைப்பூதக்கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு பக்கமும் செம்பு, பளபளவென்று இரண்டு கோடு. நடுவில் மூன்றாவதாக ஒரு கோடு, வேர்க்கடலையின் உள்தோல் மாதிரி பழுப்பாக, மெல்லிசாக. ஊசியால் தொட்டதும் நொறுங்கி மேசைமேல் விழுந்தது.

அதுதான் பூ. இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு அதுதான் பதில். அவள் அந்தத் தூளை விரலில் ஒற்றி முகர்ந்தாள்.

"ரோசா வாசம் வருதா?" என்றார் சின்னண்ணன்.

"இல்லீங்க. வைக்கோல் மாதிரி இருக்குது. நீங்க பாருங்க."

அவர் முகர்ந்தார். குமாரசாமியும் முகர்ந்தார். இருபது வருஷமாகப் பூவுக்கு முலாம் போட்டவர் அதன் உள்ளே இருப்பதை இப்போதுதான் பார்க்கிறார். "அப்ப நான் பொய் சொல்லி விக்கலை," என்றார் மெதுவாக. அந்த நிம்மதியைப் பார்த்தபோதுதான், அவரும் இத்தனை நாள் அந்தக் கேள்வியோடுதான் இருந்திருக்கிறார் என்று வசந்தாமணிக்குத் தெரிந்தது.

மூன்றாவது பூவைச் சின்னண்ணன் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். லாரிக் கதவின் மடிப்புக்குள் பெயிண்ட் ஏற, காற்றழுத்தத்தைக் குறைத்துச் சாய்த்து அடிக்க வேண்டும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். பழைய டேபிள் ஃபேன் மோட்டார் ஒன்றில் பூவைக் கட்டி மெதுவாகச் சுற்றவிட்டு, தூரத்தில் நின்று விட்டுவிட்டு அடித்தார். தொட்டியில் விடும்போது நேராக இறக்காமல் படுக்கவைத்துத் திருப்பித் திருப்பி இறக்கச் சொன்னார். குமிழ்கள் கொப்பளித்து வெளியே வந்தன. பூ மூழ்கியது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றுபோய், விட்ட இடத்தில் செம்பு மேடும் பள்ளமுமாகச் சொரசொரத்துவிட்டது. அதையும் வெட்டிப் பார்த்தார்கள். செம்பு எந்த நேரத்தில் நின்றது என்பது, மரத்தின் வளையம் மாதிரி அதன் குறுக்கே ஒரு கோடாகத் தெரிந்தது. வசந்தாமணி அதைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டாள்.

ஒட்டும் இதே கதிதான். கார்த்திகை நடுவில் காட்டுச்செடியின் தண்டில் மூன்று இடத்தில் பட்டையைக் கீறி, சிவப்பு ரோஜாவின் மொட்டுக்கண் மூன்றைச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றியிருந்தாள். இரண்டு வாரத்தில் ஒரு கண் கறுத்தது. அடுத்த வாரம் இன்னொன்று. மூன்றாவது மட்டும் கறுக்கவும் இல்லை, கிளம்பவும் இல்லை. பச்சையாகச் சும்மா உட்கார்ந்திருந்தது. குமாரசாமி தினமும் காலையில் அதை ஒரு போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினார். ஆய்வுக்கூடத்தில் கனிஷ்கா, "இன்னைக்கு என்னங்கக்கா?" என்பாள். "அப்படியேதான் இருக்குது," என்பாள் இவள்.

மார்கழியில் வசந்தாமணி வீட்டுச் செடி நிறையப் பூத்தது. சோதனைக்கென்று வெட்டி வெட்டி எடுத்ததில், வெட்டிய இடத்திலெல்லாம் இரண்டிரண்டு துளிர் கிளம்பி, டிரம்மே தெரியாத அளவுக்கு அடர்ந்துவிட்டது. நான்காவது பூவைக் கணவனும் மனைவியும் சேர்ந்துதான் பறித்தார்கள். தண்டில் மூன்று காம்பு, மூன்றிலும் ஐந்து இலை. அடிக்காம்பில் ஒரு முள் உடைந்திருந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அந்தப் பூவில் செம்பு பிசகில்லாமல் ஏறியது. காம்பு முறியவில்லை. உள் இதழ் வரை ஒரே சீராக, புதுச் செப்புக்குடத்தின் நிறத்தில் வெளியே வந்தது. குமாரசாமி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கம் போட்டுரலாமுங்களா?"

"வெள்ளி போடுங்ணா," என்றாள் வசந்தாமணி.

"வெள்ளி கறுத்துருமுங்கம்மா. தங்கமுன்னா அப்படியே நிக்கும்."

"அது தெரியும். ஓரத்துல இருந்து கறுக்குதா நடுவுல இருந்து கறுக்குதான்னு பாக்கோணும்."

குமாரசாமி மறுபடியும் சின்னண்ணனைப் பார்த்தார். சின்னண்ணன், "அவ சொல்றபடி பண்ணுங்க," என்றார். "எனக்கும் பாக்கோணும்."

வெள்ளி ரோஜா தை பிறந்து நான்காம் நாள் வீட்டுக்கு வந்தது. கண்ணாடி அலமாரியில் தங்க ரோஜாவுக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. காற்று படட்டும் என்று சமையலறை ஜன்னலில், தாளிக்கும் புகை எட்டுகிற தூரத்தில் வைத்தாள். அந்த வாரமே சிவதாபுரத்திலிருந்து ஒரு படம் வந்தது. பிளாஸ்டிக் நாடாவைத் தள்ளிக்கொண்டு, அரிசி முனை அளவுக்குச் சிவப்பாக ஒரு துளிர் வெளியே நீட்டியிருந்தது. கூடவே ஒரு குரல் செய்தி. பேசியது குமாரசாமி இல்லை, அவர் மனைவி. "மஞ்சப் பூவு போனா போச்சுங்க. செவப்பும் எனக்குப் புடிக்கும்," என்று மட்டும் சொல்லியிருந்தார். குமாரசாமி அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

மாசி தொடக்கத்தில், வசந்தாமணி லீவு போட்டு வீட்டில் இருந்த ஒருநாள், சின்னண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு வழக்கத்தைவிட முன்னால் வந்தார். கையைக்கூடக் கழுவாமல் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து, அவள் தட்டுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். எருக்கம்பூ. லாரி நிறுத்துகிற மைதானத்து ஓரத்தில் புதர்புதராக நிற்பது. முப்பது வருஷமாக அதைத் தாண்டித்தான் அவர் பட்டறைக்குப் போய் வருகிறார்.

"தொட்டுப் பாரு," என்றார். "ரோசா மாதிரி இல்ல, மெழுகாட்டம் கெட்டியா இருக்குது. வார்னிஷே இல்லாம பெயிண்ட் நிக்குமுன்னு தோணுது."

வசந்தாமணி சாப்பாட்டுக் கையை உதறிவிட்டு இடது கையால் பூவை எடுத்தாள். ஐந்து இதழ், நடுவில் கிரீடம் மாதிரி ஒரு தூக்கல். காம்பை ஒடித்த இடத்தில் பால் கசிந்துகொண்டிருந்தது.

"பால் வருதுங்க. பெயிண்ட் புடிக்குமுங்களா?"

"அதைத்தான் நானும் யோசிச்சேன்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார் சின்னண்ணன். "ஒரு நாள் தலைகீழாத் தொங்க உட்டா வடிஞ்சிராதா?"